அறைத்தோழரின் தச்சுப் பட்டறையும் என் பகல் உறக்கமும்: பகிர்ந்து குடியிருக்கும் வீட்டில் என்ன செய்யலாம்?

இரவுப்பணி

பெங்களூரு கக்கதாசபுரத்தில் மூன்று படுக்கையறைகள் கொண்ட அடுக்குமாடி வீடொன்றில் நாங்கள் மூவர் சேர்ந்து வாடகைக்குக் குடியிருக்கிறோம். மூவரும் கோவையில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவர்களில் ஒருவர் எனக்கு மூத்தவர். வீட்டில் அவரை அண்ணன் என்றே அழைப்பதால் இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். இந்த ஊரில் எனக்கு முதல் வேலை கிடைக்கப் பரிந்துரைத்தவர் அவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இந்தச் சிக்கலில் பாதி அதில்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு அண்ணன் சென்னப்பட்டணாவுக்குப் போய், அரக்கு பூசிய மரப்பொம்மைகளைக் கடைவதைப் பார்த்து வந்ததிலிருந்து மரவேலையில் இறங்கிவிட்டார். இரண்டு உளி, ஓர் இழைப்புளி, கொஞ்சம் உப்புத்தாள் என்று இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. பிறகு மேசை ரம்பம், மரத்தில் பள்ளம் வெட்டும் ரவுட்டர், உப்புத்தாளை மோட்டாரில் ஓட்டும் சாண்டர், வட்டு சுழன்று அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சமையலறையை ஒட்டிய யூட்டிலிட்டியில், வாஷிங் மெஷினுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் இடையே இப்போது ஒரு பட்டறையே நடக்கிறது. பெயர்ப்பலகை, கைப்பேசித் தாங்கி, நடைவண்டி என்று இன்ஸ்டாகிராம் வழியாக ஆர்டர்களும் வருகின்றன.

நான் அமெரிக்க நேரத்தில் வேலை செய்பவன். விடியற்காலை நான்கு மணிக்குப் படுத்து நண்பகலில் எழுவேன். அண்ணனுக்கு அலுவலகக் கூட்டங்கள் பதினொரு மணிக்குத்தான் தொடங்கும் என்பதால், எட்டு மணி முதல் அதுவரை மரம் அறுக்கிறார். ரம்பம் சும்மா சுழலும் இரைச்சலுக்கு உறக்கம் ஓரளவு பழகிவிடுகிறது. பலகையைக் கடிக்கும் கணத்தில் அது அழுத்திக் கத்துவதற்கும், துண்டு விழுந்த பிறகு வரும் அமைதியில் அடுத்த வெட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பதற்கும்தான் பழக முடியவில்லை. கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்தால் அடிவிளிம்பில் மஞ்சளாகத் தூள் படிந்திருக்கிறது.

சொல்லிப் பார்த்தேன். "ராத்திரி பத்து மணிக்கு மேலேதானேடா சத்தம் போடக் கூடாது? நான் காலையில்தானே செய்கிறேன்?" என்கிறார். மூன்றாமவர் பகல் முழுவதும் அலுவலகத்தில் இருப்பதால் எந்தப் பக்கமும் சாயவில்லை. அண்ணனோடு உறவும் கெடாமல், எனக்கு உறக்கமும் கிடைக்க என்ன வழி என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஜாலஹள்ளிக்காரன்

அறிவுரை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. வாடகை அக்ரிமெண்ட் யார் பெயரில் இருக்கிறது? ஒருவர் கையெழுத்திட்டு மற்ற இருவரும் அவரிடம் பங்கு கொடுப்பது ஒரு நிலை. மூவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டிருப்பது முற்றிலும் வேறு நிலை. அட்வான்ஸ் யார் கையிலிருந்து போனது என்பதையும் சொல்லுங்கள்.

இரவுப்பணி

ஒரே அக்ரிமெண்ட், மூவர் பெயரும் இருக்கிறது. வழக்கம்போல் 11 மாதத்துக்கு எழுதியது. அட்வான்ஸை மூவரும் சமமாகப் போட்டோம். "குடியிருப்புக்காக மட்டும்" என்ற வாசகம் அதில் தெளிவாக இருக்கிறது. வீட்டு உரிமையாளர் மைசூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற பெரியவர். இந்தப் பட்டறை பற்றி அவருக்கு இன்னும் தெரியாது.

ஷரத்து

சட்டப்படி நிலைமை எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன். அதை வைத்துச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை.

உங்கள் அண்ணன் சொல்லும் இரவு பத்து மணி என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலிருந்து வருவது. அவ்விதிகளின்படி காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மீதி இரவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. ஆகவே பகலில் எவ்வளவு சத்தமும் போடலாம் என்று அவர் புரிந்துகொண்டிருப்பது சரியல்ல. பகலுக்கும் வரம்பு உண்டு. அந்த வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்கவும் அவ்விதிகளில் இடமிருக்கிறது. ஆனால் அவை ஒரு பகுதியின் சுற்றுப்புற ஒலியைக் கருதி எழுதப்பட்டவை. எதிர்வீட்டுக்காரருக்கு அவை பயன்படக்கூடும். ஒரே கூரையின் கீழ் இருக்கும் உங்கள் இருவருக்கும் இடையே அவற்றை வைத்து வழக்காடுவது வீண் வேலை.

உங்களுக்கு உண்மையில் பொருந்துவது வாடகை ஒப்பந்தமே. மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் உள்ள பெங்களூரு வீடுகளுக்கு 1999-ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் பொருந்தாது. உங்கள் ஒப்பந்தமும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும்தான் பேசும். அச்சட்டத்தின் 108-ஆம் பிரிவு, எந்த நோக்கத்துக்காக வீடு விடப்பட்டதோ அதைத் தவிர வேறு நோக்கத்துக்குக் குடியிருப்பவர் அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பொழுதுபோக்குக்கு ஒரு நாற்காலி செய்வதை யாரும் இதில் கொண்டுவர மாட்டார்கள். ஆர்டர் எடுத்து, காசு வாங்கி, நாள்தோறும் இயந்திரம் ஓட்டினால் அது தொழில் என்று உரிமையாளர் தாராளமாகச் சொல்லலாம்.

இதில் உங்களைக் கடிக்கும் இடம் ஒன்று உண்டு. பலர் சேர்ந்து ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தால், அவர்களில் எவரிடமிருந்து வேண்டுமானாலும் முழுவதையும் கேட்கலாம் என்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு. யூட்டிலிட்டியில் தரைக்கல் உடைந்தாலும், தீப்பிடித்தாலும், ஒப்பந்தம் மீறப்பட்டது என்று உரிமையாளர் அட்வான்ஸைப் பிடித்தாலும் அது அண்ணனின் பங்கோடு நிற்காது. பிறகு நீங்கள் அவரிடம் பங்கு கேட்கலாம் என்பது வேறு விஷயம். முதல் வேலைக்குப் பரிந்துரைத்தவரிடம் நீங்கள் எப்படிக் கேட்பீர்கள் என்று உங்கள் முதல் பதிவைப் படித்த எனக்கே தெரிகிறது.

கோரமங்கலா2

இவ்வளவு எதற்கு? வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுங்கள் தம்பி. உறக்கத்தை விடவா ஒரு வீடு பெரிது?

ஷரத்து

கோரமங்கலா2 அவர்களுக்கு: 11 மாத ஒப்பந்தத்தில் பெயரை நீக்காமல் ஆள் மட்டும் வெளியேறினால் பொறுப்பு அவரைவிட்டுப் போகாது. அட்வான்ஸில் அவருடைய பங்கும், மாற்று ஆள் வந்து பணம் போடும்வரை, சிக்கிக்கொண்டே இருக்கும். பகல் முழுவதும் ரம்பம் ஓடும் வீட்டுக்கு மாற்று ஆள் யார் வருவார்?

உளிச்சத்தம்

நானும் வீட்டில் மரவேலை செய்பவன். இங்கே யாரும் அண்ணன் பக்கம் பேசவில்லை என்பதால் ஓரிரு சொல். ஒரு மனிதர் திரையை விட்டு எழுந்து கையால் ஏதோ செய்யக் கற்றுக்கொள்கிறார்; அதை நிறுத்தச் சொல்வது எளிது, அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவார் என்று யோசிப்பது கடினம். ஆகையால் நிறுத்து என்று போகாதீர்கள். எது வீட்டுக்குள் முடியும், எது முடியாது என்று பிரித்துப் பேசுங்கள்.

நேரத்தை மாற்றிக்கொள்வதால் இது தீராது என்பது என் உறுதியான கருத்து. மேசை ரம்பம் ஓடும்போது இயக்குபவர் காதருகே 100 டெசிபலை ஒட்டிய ஒலி இருக்கும். நம் வீடுகளில் படுக்கையறைக்குப் போடும் ப்ளஷ் கதவு, அதன் அடியில் இருக்கும் இடைவெளியையும் சேர்த்துப் பார்த்தால், அதிலிருந்து 20 டெசிபல் குறைத்தாலே பெரிது. அதற்கு மேல், மேசையின் கால்கள் வழியாக அதிர்வு தளத்துக்கு இறங்கி, காங்கிரீட் வழியாகவே உங்கள் கட்டிலுக்கு வருகிறது. காதில் பஞ்சு வைத்தாலும் அது நிற்காது. கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தால் அதிர்வு குறையும். காற்றில் வரும் ஒலி குறையாது. யூட்டிலிட்டி, குழாய்கள் இறங்கும் செங்குத்து இடைவெளியான டக்டைப் பார்த்துத் திறந்திருந்தால் மேலே கீழே எல்லா வீட்டுக்கும் சத்தம் போய்க்கொண்டிருக்கும். குடியிருப்போர் சங்கத்திலிருந்து இதுவரை யாரும் கதவைத் தட்டாதது உங்கள் அதிர்ஷ்டம்.

சத்தத்தைவிட எனக்குத் தூள்தான் கவலை. கண்ணுக்குத் தெரியும் சிராய் கீழே விழுந்துவிடும், பெருக்கிவிடலாம். சாண்டரிலிருந்து வரும் நுண்தூள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வைத்துவிட்டது. அவர் மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை அறுக்கிறார் என்றால் அதில் தூளோடு ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் சேர்ந்து வருகிறது. அறுப்பவர் முகக்கவசம் போட்டிருப்பார். உறங்குபவர் போட மாட்டார். டம்ளரின் விளிம்பில் தூள் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைவிட நுண்ணியது எங்கெல்லாம் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறாரா? பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடுகிறாரா? அந்த எண்ணெய் காய்வது என்பது காற்றோடு வினைபுரிவதுதான். வினையில் வெப்பம் பிறக்கும். சுருட்டிய துணிக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும். மரத்தூள் குவியலில் அந்தத் துணி கிடந்தால் சொல்லவே வேண்டாம். விரித்து ஒற்றை மடிப்பாகக் காயப் போட வேண்டும், அல்லது நீர் நிரப்பிய, மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும்.

இரவுப்பணி

பழைய பனியன் துணியில்தான் பூசுகிறார். சிலிண்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் அவை கிடக்கின்றன. இதைப் படித்தவுடன் எழுந்து போய் எல்லாவற்றையும் கொடியில் விரித்துவிட்டேன்.

மின்னாள்

நான் மகாதேவபுரா பக்கம் மின்பணி ஒப்பந்தம் எடுப்பவன். கேஸ் சிலிண்டருக்கு அருகே ஆங்கிள் கிரைண்டர் என்று படித்ததும் மற்றவை எல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டன. எல்.பி.ஜி. காற்றைவிட எடை கூடியது. கசிந்தால் தரையோடு படிந்து கிடக்கும். கிரைண்டர் இரும்பைத் தொட்டால் பொறி பறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரும்பைத் தொடாமலே, அந்த மாதிரிக் கைக்கருவிகளின் மோட்டாருக்குள் கார்பன் ப்ரஷ் ஓயாமல் சிறு பொறிகளை உண்டாக்கிக்கொண்டிருக்கும். காற்றுத்துளை வழியாக எட்டிப் பார்த்தால் நீலமாகத் தெரியும். தின்னர் டப்பாவும் அங்கேயே இருக்கும் என்று ஊகிக்கிறேன். இதற்குப் பேச்சுவார்த்தையே தேவையில்லை; இன்றே இடம் மாற வேண்டும்.

அடுத்து, இயந்திரத்தை எந்த ப்ளக்கில் மாட்டியிருக்கிறார்? வீட்டில் வைக்கும் அளவு மேசை ரம்பம் பெரும்பாலும் 1,500 வாட் இருக்கும். 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர் இழுக்கும், ஓடத் தொடங்கும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். வாஷிங் மெஷினுக்கான 16 ஆம்பியர் ப்ளக் என்றால் தாங்கும். அதில் வாஷிங் மெஷின் இருக்கிறதே என்று ஸ்பைக் பஸ்டர் என்ற நீட்டிப்புப் பலகை போட்டு 6 ஆம்பியர் ப்ளக்கில் இழுத்திருந்தால், ப்ளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். மெயின் போர்டில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்பதையும் பாருங்கள், யூட்டிலிட்டி ஈரத்தரை.

கரண்ட் பில் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. நீங்கள் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான க்ருஹ ஜோதி திட்டத்தில் பதிந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுப் பில்லுக்கும் காசு கட்ட வேண்டும். 1,500 வாட் இயந்திரம் முழுச் சுமையில் 2 மணி நேரம் ஓடினால் 3 யூனிட். நாள்தோறும் ஓடினால் மாதத்துக்கு 90 யூனிட். மூன்று பேர் வீட்டில் அது உங்களை 200-க்கு மேல் தள்ளப் போதும். திட்டம் வீட்டு இணைப்புக்கு மட்டும் என்பதால், தொழிலுக்கு ஓட்டுவது தெரியவந்தால் அதுவும் கேள்வியாகும்.

அல்சூர் வீட்டுக்காரர்

எனக்கு அல்சூரில் வாடகைக்கு விட்ட வீடு ஒன்று உண்டு. உரிமையாளர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: தயவுசெய்து முதல் தொலைபேசி அழைப்பை மைசூருக்குச் செய்யாதீர்கள். பெரியவருக்கு உங்களில் யார் ரம்பம் வைத்திருக்கிறார், யார் உறங்குகிறார் என்பதெல்லாம் முக்கியமில்லை. "பசங்க வீட்டை பட்டறை ஆக்கிட்டாங்க" என்ற ஒரு வரிதான் அவர் மனத்தில் நிற்கும். மூவருக்கும் சேர்த்தே நோட்டீஸ் வரும். காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இவ்வூர் வழக்கம். சுவரில் தூளும் வார்னிஷும் ஊறியிருந்தால் அதோடு நிற்க மாட்டார். அவருக்குத் தெரிவதற்கு முன் இயந்திரங்கள் வெளியேறிவிட்டால் உங்கள் மூவருக்கும் அதுதான் லாபம். அதை அண்ணனிடம் மிரட்டலாகச் சொல்லாமல், கணக்காகச் சொல்லுங்கள்.

ஜாலஹள்ளிக்காரன்

இப்போது எப்படிப் பேசுவது என்பதற்கு வருவோம். மூத்தவரிடம், அதிலும் கடமைப்பட்ட மூத்தவரிடம், நியாயம் பேசினால் அது நன்றி கெட்ட பேச்சாகவே அவர் காதில் விழும். உங்கள் உறக்கத்தை முதலில் வைக்காதீர்கள். "நைட் ஷிஃப்ட் எடுத்தது நீதானே" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்துவிடும். எண்ணெய்த் துணியையும் சிலிண்டரையும் முதலில் வையுங்கள். அதில் அவருக்குப் பதில் இல்லை, அவமானமும் இல்லை. தெரியாமல் நடந்தது என்று அவர் சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. அடுத்து அட்வான்ஸ். உறக்கம் கடைசியில் வரட்டும். மூன்றாமவரும் கூட உட்கார வேண்டும், ஆனால் இருவர் சேர்ந்து ஒருவரை மடக்கியது போல் ஆகிவிடக் கூடாது. ஆகவே அவரிடம் முன்கூட்டிப் பேசி அணி சேர்க்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: வாட்ஸ்அப் குழுவில் இதைத் தொடங்காதீர்கள். நள்ளிரவில் நீங்கள் எழுதி, காலையில் அவர் படித்து, நீங்கள் எழும்போது பத்துப் பதில் கிடக்கும். ஞாயிறு மதியம் பிரியாணி வாங்கி வைத்துக்கொண்டு பேசுங்கள். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

உளிச்சத்தம்

வெளியே கொண்டுபோவது என்றால் அவருக்கு மலைப்பாக இருக்கும், ஆகையால் மாற்றையும் கையோடு கொண்டுபோங்கள். 8-க்கு 4 அடி ப்ளைவுட் தகட்டை அளவு கொடுத்தால் பல ப்ளைவுட் கடைகளிலேயே அறுத்துத் தருகிறார்கள், வெட்டும் சுத்தமாக இருக்கும். திடமரம் என்றால் மைசூர் சாலையில் நியூ டிம்பர் யார்டு லேஅவுட் பக்கம் உள்ள மரவாடிகளில் அறுத்து, இழைத்தே வாங்கலாம். அறுப்பதற்கும் ரவுட்டருக்கும் ஏதாவது இன்டீரியர் வேலைக்காரரின் ஷெட்டில் வார இறுதியில் இடம் கேட்கலாம். கருவியைச் சொந்தமாகக் கொண்டுபோனால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வீட்டில் உளி, கைரம்பம், இழைப்புளி, கையால் உப்புத்தாள் போடுவது, பொருத்துவது இருக்கட்டும். நேர்மையாகச் சொன்னால், சென்னப்பட்டணாவைப் பார்த்து வந்தவருக்குக் கைவேலை தாழ்வாகத் தோன்றாது. அங்கே வெட்பாலை மரத்தில் கடைந்து, சுழலும் கட்டையின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே நிறம் ஏற்றுவதை அவர் பார்த்திருப்பாரே.

இரவுப்பணி

ஞாயிற்றுக்கிழமை பேசினோம். ஜாலஹள்ளிக்காரர் சொன்ன வரிசையில்தான் சென்றேன். எண்ணெய்த் துணி பற்றிச் சொன்னதும் அண்ணன் முகம் மாறிவிட்டது. நம்பாமல் தானே தேடிப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய் வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். சிலிண்டருக்கு அருகே இனி எந்த இயந்திரமும் கூடாது என்பதில் வாதமே வரவில்லை. 43-ஆம் பிரிவை நான் சொல்லவில்லை, மூன்றாமவர் சொன்னார். அவர் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இடறியது உறக்கத்தில்தான். காலை எட்டுக்குப் பதிலாக மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அறுத்துக்கொள்கிறேன் என்றார். நான் ஒப்பவில்லை. தூள் அதே தூள்தான், டக்ட் அதே டக்ட்தான் என்றேன். கொஞ்ச நேரம் இறுக்கமாகவே இருந்தது. "நீ வந்த புதிதில் என் அறையில் ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தாயே, நான் ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நான் சொல்லவும் முயலவில்லை. மாலையில் அவரே வந்து, மகாதேவபுரா தொழிற்பேட்டையில் மாடுலர் கிச்சன் செய்யும் ஒருவரிடம் பேசிவிட்டதாகவும், சனிக்கிழமைகளில் அங்கே அறுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

இப்போதைய ஏற்பாடு இது: மேசை ரம்பம், ரவுட்டர், கிரைண்டர் மூன்றும் ஷெட்டுக்குப் போகின்றன. கைக்கருவிகள் வீட்டிலேயே இருக்கும், ஆனால் யூட்டிலிட்டியில் அல்ல, அவருடைய அறை பால்கனியில். தின்னரும் வார்னிஷும் ஷெட்டில். சாண்டர் மட்டும் தீரவில்லை. அதை மாலை ஏழுக்குப் பிறகு, நான் வேலையில் இருக்கும்போது, பால்கனியில் ஓட்டலாமா என்கிறார். எனக்குச் சத்தம் பிரச்சினை இல்லை; மூன்றாமவர் அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வருகிறார். யாருக்காவது யோசனை உண்டா?

உளிச்சத்தம்

சாண்டரையும் ஷெட்டுக்கே அனுப்புங்கள். தூள் உறிஞ்சும் வாக்குவம் இணைத்தாலும் பால்கனியில் அடிக்கும் காற்று மீதியை உள்ளேதான் தள்ளும். 120 எண் உப்புத்தாள் வரை அங்கே இயந்திரத்தில் முடித்துவிட்டு, 220-ஐயும் 320-ஐயும் வீட்டில் கையால் போடச் சொல்லுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளைக் கடைசிக் கைக்கு, மெருகு பூசிய பிறகு, பயன்படுத்தினால் தூள் பறக்கவே பறக்காது.

மின்னாள்

பில் விஷயம் விட்டுப்போகக் கூடாது. ப்ளக்கில் செருகும் யூனிட் மீட்டர் எஸ்.பி. சாலையில் கிடைக்கும். பால்கனி ப்ளக்கில் மாட்டிவிட்டு, பில் வரும் தேதியன்று மூவரும் சேர்ந்து பாருங்கள். இந்த மாதம் ஏற்கெனவே 200-ஐத் தாண்டியிருந்தால் அதை எப்படிப் பங்கு பிரிப்பது என்று பில் வருவதற்கு முன்பே பேசி வையுங்கள்.

இரவுப்பணி

சாண்டரும் போகிறது, அண்ணன் ஒப்புக்கொண்டார். இந்த மாத பில்லில் கூடுதல் முழுவதையும் தானே கட்டுவதாகச் சொல்கிறார். பாதியை மூவரும் பிரித்துக்கொள்ளலாம் என்று நானும் மூன்றாமவரும் சொல்லியிருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை. என் அறைக் கதவின் அடி இடைவெளியை அடைக்க ரப்பர் பட்டை எந்த அளவில் வாங்க வேண்டும் என்று மட்டும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். கைச்சுத்தியல் ஓசை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

ஷரத்து

மூன்றடி நீளப் பட்டையே ஹார்டுவேர் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். உங்கள் கதவு சற்றுக் குறுகலாக இருந்தால் கத்தியால் நறுக்கிக்கொள்ளலாம். திருகாணி போடும் வகையை வாங்காதீர்கள், ஒட்டும் வகையை வாங்குங்கள். கதவு வீட்டு உரிமையாளருடையது.